ஆழ்கடல் மணலுக்கு ஒரு ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி: பத்து மாதப் பாவனைக்குப் பின்

கொழும்பில் ஆய்வுகூடக் கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்திடம் பத்து மாதங்களுக்கு முன்னர் வாங்கிய ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியைப் பற்றி எழுதுகிறேன். அது 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை இடைவெளியின்றி உருப்பெருக்கும் வகை. இரு கண்களுக்கும் 10 மடங்குப் பார்வைத்துண்டுகள், கமரா பொருத்துவதற்கு மூன்றாவது குழாய், பொருளியைச் சுற்றி வளையமாக ஒரு எல்.ஈ.டி. விளக்கு, கீழே தட்டையான மேடை என்பன அதன் பாகங்கள். கைப்பேசி திருத்துவோரின் மேசையிலும் நகைவேலை செய்வோரின் மேசையிலும் ஏறக்குறைய இதே அமைப்புள்ள கருவிகள் வெவ்வேறு பெயர்களில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நான் வாங்கியது ஆழ்கடல் மணலில் கிடக்கும் பொராமினிபெரா என்ற ஒற்றைக்கல உயிரிகளின் ஓடுகளைப் பொறுக்கி, இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்தையும் முறையாக விவரித்து எழுதுவதற்காக. எனவே இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு வேலையை அளவுகோலாக வைத்தே எழுதப்படுகிறது. வில்லைகள் நல்லவை, உடன்வந்த விளக்கு இந்த வேலைக்கு உதவாது, கமரா மென்பொருளைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. மேலே வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு இவ்வளவும் போதும்.

விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி, "மிஸ், இந்தக் காசுக்கு ஆயிரம் மடங்கு காட்டுற நுணுக்குக்காட்டியே வாங்கலாம், இது வெறும் நாற்பத்தைஞ்சுதான்" என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னார். பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு விற்றுப் பழகியவர் என்பதால் அவர் அப்படிச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் காட்டிய கருவி, மெல்லிய பொருளொன்றினூடாகக் கீழிருந்து ஒளியைச் செலுத்திப் பார்ப்பதற்கானது. பொராமினிபெரா ஓடு கல்சியம் காபனேற்றினால் ஆன திண்மமான பொருள். அதை ஒரு சிறு சிற்பத்தைப் போல மேலிருந்து ஒளியூட்டி, இரு கண்களாலும் ஆழம் தெரியப் பார்க்க வேண்டும், தூரிகையால் புரட்டவும் வேண்டும். அரை மில்லிமீற்றர் அகலமான ஓடு 45 மடங்கில், ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் அகலமுள்ள பொருளொன்றைக் கண்ணெதிரே பிடித்துப் பார்ப்பதைப் போலத் தெரிகிறது. பெரும்பாலான இனங்களை அடையாளம் காண அது போதுமானது.

இந்த உயிரினங்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பொராமினிபெரா என்பவை ஒற்றைக்கல உயிரிகள். அவற்றுட் பல கடலடியில் வாழ்கின்றன. ஏறத்தாழ 50 இனங்கள் மட்டும் இன்று கடலின் மேற்படைகளில் பிளாந்தன்களாக மிதந்து வாழ்கின்றன. அவை இறந்ததும் ஓடுகள் மழை போல அடித்தளத்தில் இறங்கிப் படிந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளின் கடல் வரலாற்றை அடுக்கடுக்காகச் சேமித்து வைக்கின்றன. இக்கூட்டத்துக்கு 1826 இல் பெயர் கொடுத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் டோர்பினி, ஓடுகளின் சுருளமைப்பைக் கண்டு இவற்றைக் கணவாயின் உறவினங்கள் என்றே கருதினார். உள்ளே இருப்பது ஒற்றைக்கல உயிர் என்பதை 1835 இல் பெலிக்ஸ் துஜார்டின் காட்டினார். ஆனாலும் டோர்பினியின் கண் கூர்மையானது. தட்டையான படத்தில் இந்த வடிவங்கள் பிடிபடா என்பதை உணர்ந்து, 1823 முதல் 1826 வரை பல மடங்கு பெரிதாக்கிய 100 மாதிரிகளைச் செய்து, சாந்தில் வார்த்து வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் சாந்து உருவங்களால் கொடுக்க முயன்ற அந்த முப்பரிமாணப் பார்வையைத்தான் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி இன்று நமக்குக் கொடுக்கிறது.

எனக்கு மணல் தந்தவர், இலங்கைக்குத் தெற்கே ஆழ்கடலில் எடுக்கப்பட்ட மண்ணுருளையொன்றில் (கடலடிச் சேற்றில் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் எடுக்கும் நீண்ட மண் தூண்) ஆய்வு செய்யும் தோழி. சேற்றை நீரில் ஊறவைத்து, 63 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கழுவி, உலர்த்தி, எஞ்சிய வெண்மணலைச் சிறு குப்பிகளில் அடைத்துத் தந்தார். ஒரு மாதிரியைக் கழுவிய பின் அரிதட்டை மெதிலீன் நீலக் கரைசலில் தோய்ப்பது அவரது வழக்கம். கண்களில் சிக்கிக்கொண்ட பழைய ஓடுகள் நீலமாகிவிடும், அடுத்த மாதிரியில் ஒரு நீல ஓடு தென்பட்டால் அது அந்நியம் என்று உடனே தெரிந்துவிடும். வீட்டில் அந்த மணலை 150 மைக்ரோமீற்றர் அரிதட்டில் மீண்டும் சலித்து, மேலே தங்கியதைக் கறுப்புத் தட்டில் மெல்லிய படையாகத் தூவிக்கொள்வேன்.

முதலில் வில்லைகளைச் சோதித்தேன். இந்து சமுத்திரத்தின் வெப்பநீரில் நிறைந்து காணப்படும் குளோபிஜெரினாய்டிஸ் ரூபர், டிரைலோபேட்டஸ் சக்குலிபர் என்ற இரண்டு இனங்களும் இதற்கு நல்ல இணை, ஏனெனில் புதியவர்கள் அடிக்கடி ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுவார்கள். ரூபரின் கடைசிச் சுற்றில் மூன்றே அறைகள்; பிரதான வாய்த்துளைக்கு மேலதிகமாக, சுருள் பக்கத்தில் (எல்லாச் சுற்றுகளும் தெரியும் பக்கம்) அறைகள் இணையும் பொருத்துக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டு துணைத் துளைகள் ஒழுங்காக அமைந்திருக்கும். சக்குலிபரின் சுவர் தேன்கூட்டைப் போல ஆழக் குழிந்தது. முதிர்ந்த ஓடுகள் சிலவற்றில் கடைசி அறை ஒரு பையைப் போல நீண்டு தொங்கும். 20 மடங்கில் இரண்டின் உருவமும் பிரிந்து தெரிந்தது, 40 மடங்கில் ரூபரின் துணைத் துளைகளின் விளிம்பு கூர்மையாக வந்தது. உருப்பெருக்கத்தை மாற்றும்போது குவியம் சிறிதும் விலகவில்லை என்பது இந்தக் கருவியின் மிகப் பெரிய நற்குணம். மணிக்கணக்காகப் பொறுக்கும்போது ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருக வேண்டியிருந்தால் கண்ணும் கழுத்தும் தாங்கமாட்டா. வில்லைக்கும் மேடைக்கும் இடையில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இருப்பதால் கையும் தூரிகையும் தாராளமாக நுழைகின்றன. கூடவே தந்த 2 மடங்குத் துணைவில்லையைப் பொருத்தினால் 90 மடங்கு கிடைக்கிறது. ஆனால் அந்த இடைவெளி மூன்று சென்ரிமீற்றரளவில் ஒடுங்கிவிடுவதால் பார்க்கலாமே தவிரப் பொறுக்க முடியாது.

சக்குலிபரைக் குறிப்பிட்ட இடத்தில் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வேலையின் பாதி அதுதான். பை உள்ள ஓட்டுக்கு பிரித்தானிய இயற்கையியலாளர் ஹென்றி பிரேடி 1877 இல் பெயர் வைத்தார். பை இல்லாத வடிவத்துக்கு அதற்கு முன்னரே, 1850 இல், ரொயஸ் டிரைலோபா என்று பெயர் வைத்திருந்தார். நெடுங்காலம் இவையும் இவற்றைப் போன்ற வேறு வடிவங்களும் தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டன. பின்னர் மரபணு ஆய்வுகள், இன்று வாழ்பவற்றில் இவ்வடிவங்களெல்லாம் ஒரே இனத்தின் வேறுபாடுகளே என்று காட்டின. 2015 இல் இவற்றுக்கென டிரைலோபேட்டஸ் என்ற சாதியும் (நெருங்கிய இனங்களை ஒன்றுசேர்க்கும் தொகுதி) தனியே அமைக்கப்பட்டது. அதனால்தான் இப்போது பெயரை எழுதும்போது பிரேடியின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. முதலில் வைத்த சாதியிலிருந்து இனம் இடம்மாறிவிட்டது என்பதே அந்த அடைப்புக்குறியின் பொருள். பாடசாலையில் சாதி, இனம் என்று மனனம் செய்த நாட்களில் இந்தச் சிறு குறிக்குள் இவ்வளவு வரலாறு அடங்கியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இனி விளக்குக்கு வருகிறேன். வளைய விளக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக ஒளி வீசுவதால் நிழலே விழுவதில்லை. மின்சுற்றுப் பலகை திருத்துவோருக்கு அது வரம். ஓட்டைப் பார்ப்பவருக்கோ அது கேடு. வெண்ணிற ஓடு ஒன்று வெண்ணிற ஒளியில், நிழலின்றி, சுண்ணாம்புப் பொட்டைப் போலக் கிடந்தது. அறைகளுக்கிடையேயுள்ள பள்ளமும், வாய்த்துளையின் மேலுள்ள மெல்லிய உதடும், சுவரின் குழிகளும் நிழலினால்தான் தெரிகின்றன. குளோபிஜெரினா புல்லாய்டிஸையும் குளோபிஜெரினா பல்கொனென்சிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டுக்கும் கடைசிச் சுற்றில் நான்கு அறைகள், இரண்டுக்கும் சுருளின் நடுவேயுள்ள தொப்புட்குழியை நோக்கித் திறந்த வாய்; பல்கொனென்சிஸின் வாய்த்துளைக்கு மேல் ஓர் உதடு இருக்கிறது, அதன் கடைசி அறை சற்றுச் சிறியது. வளைய விளக்கின் கீழ் அந்த உதடு எனக்கு ஒரு தடவைகூடத் தெரியவில்லை. புல்லாய்டிஸ் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழும் இடங்களில் பெருகுவது. அரபிக்கடலில் அதன் எண்ணிக்கையைக் கொண்டுதான் பழைய தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமையை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஓர் உதடு தெரியாமற் போனால் அந்தக் கணக்கும் பிழைத்துப்போகும்.

ஆகவே வளைய விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வளையும் கழுத்துள்ள சிறிய மேசைவிளக்கு ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கி, இடப்பக்க மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒளி விழும்படி வைத்தேன். தொல்லுயிர்ப் படங்களில் ஒளி இடமேலிருந்து விழுவதே பொது வழக்கம்; கண்ணும் அதற்கே பழகியிருப்பதால் பள்ளம் மேடாகத் தோன்றும் மயக்கம் ஏற்படாது. விளக்கை மாற்றிய அன்று, ஏற்கெனவே புல்லாய்டிஸ் என்று ஒட்டி வைத்திருந்தவற்றை மீண்டும் பார்த்தேன். உதடு உள்ளவை அவற்றுக்குள் இருந்தன. இரண்டு கிழமை எண்ணியதை முழுவதும் மறுபடி எண்ணினேன்.

ஒளியின் நிறமும் முக்கியம். ரூபரில் இளஞ்சிவப்பு நிறமுள்ள ஒரு வடிவம் உண்டு. அத்திலாந்திக்கில் அது இன்றும் வாழ்கிறது. இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்துவிட்டது. ஆகவே நமது கடலின் மண்ணுருளையில் இளஞ்சிவப்பு ரூபர் தென்பட்டால், அந்த அடுக்கு அதைவிடப் பழையது என்று அறியலாம். வேறெந்தக் கருவியும் இன்றிக் கண்ணே காலத்தை அளக்கும் அரிய சந்தர்ப்பம் இது. உடன்வந்த எல்.ஈ.டி. நீலச்சாயல் மிகுந்தது, சிவப்பு குறைந்தது. மண்ணுருளையின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்த குப்பி ஒன்றை அதன் கீழ் வைத்து, எல்லாம் வெள்ளை என்றே எழுதியிருந்தேன். பின்னர் ஒருநாள் காலை, யன்னலோரத்து வெயிலில் அதே தட்டைப் பார்த்தபோது, முதலில் உருவான சிறிய அறைகளில் வெற்றிலைச் சாறு பட்டாற்போல் மெல்லிய சிவப்புள்ள ஓடுகள் ஐந்து இருந்தன. தோழிக்குத் தொலைபேசியில் சொன்னபோது எனது குரல் நடுங்கியது.

இந்தக் கருவியால் எவ்வளவு தூரம் விவரிக்க முடிகிறது என்பதற்கு எனது குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவைத் தருகிறேன். குளோபோரொட்டாலியா மெனார்டியின் நல்ல ஓடு ஒன்றை ஈரத் தூரிகையால் மூன்று நிலைகளில் வைத்து எழுதியது: "ஓடு தட்டை, இருபுறமும் சிறிதே புடைத்த வில்லை வடிவம். வெளிக்கோடு மடல் மடலானது. கடைசிச் சுற்றில் ஆறு அறைகள். விளிம்பைச் சுற்றித் தடித்த, கண்ணாடி போன்ற கட்டு. சுருள் பக்கத்தில் பொருத்துக்கோடுகள் வளைந்து தடித்தவை. தொப்புள் பக்கத்தில் ஆரைகளைப் போல நேரானவை, பள்ளமானவை. வாய்த்துளை தொப்புளிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் தாழ்ந்த பிளவு, மேலே உதடு. சுவர் வழவழப்பு, முள் இல்லை. இடஞ்சுழி." இதில் ஒரு சொல்லையேனும் நான் நூலைப் பார்த்து எழுதவில்லை, அத்தனையும் அந்தப் பார்வைத்துண்டுகளினூடாகவே தெரிந்தன. அதன் உறவான டுமிடா இதைவிடத் தடித்தது, கடைசி அறை நீண்டது; விளிம்புப் பக்கமாக நிறுத்திப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஓட்டை விளிம்பில் நிறுத்துவதற்கு ஒரு துளி நீரும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

பதிவின் கடைசிச் சொல்தான் என்னைக் கமராவோடு முரண்பட வைத்தது. சுருள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அறைகள் மணிக்கூட்டுத் திசையில் சேர்ந்துகொண்டு போனால் வலஞ்சுழி, எதிர்த்திசையில் போனால் இடஞ்சுழி. இன்றைய மெனார்டி பெரும்பாலும் இடஞ்சுழிதான். கண்ணில் இடஞ்சுழியாகத் தெரிந்த ஓடு, கணினித் திரையில் வலஞ்சுழியாக நின்றது. மென்பொருள் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டும் நிலையில் விநியோகிக்கப்பட்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் சென்றது. இது அற்பக் குறை அன்று. குளிர்கடல்களில் வாழும் நியோகுளோபோகுவாட்ரினா பக்கிடெர்மாவையும் அதன் நெருங்கிய உறவான இன்கொம்ப்டாவையும் பிரிப்பதற்கு முதற்கண் உதவுவதே சுழியின் திசை. படத்தைத் திருப்பினால் இனமே மாறிவிடும், அதோடு பழைய கடலின் வெப்பநிலை பற்றிய முடிவும் மாறிவிடும்.

அளவீட்டிலும் அதே கவனம் தேவை. உருப்பெருக்கக் குமிழில் நிறுத்தப்படிகள் இல்லை. அது வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. மென்பொருளோ ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்துக்கு அளவிட்ட பின், குமிழ் எங்கே நிற்கிறது என்பதை அறியாமலே மைக்ரோமீற்றர் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஓர்புலினா யூனிவெர்சா ஓட்டை, அந்த அழகிய முழுக்கோளத்தை, ஒரே நாளில் இரண்டு தடவை அளந்தேன்: முதலில் 520, பிறகு 610 மைக்ரோமீற்றர். இப்போது குமிழின் மேல் வெள்ளை மையினால் மூன்று கோடுகள் இட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நுண்ணளவுக் கோடுகள் பொறித்த அளவுகோல் வழுக்கியை வைத்து வேறாக அளவிட்டு வைத்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் நிறுத்தப்படியுள்ள மாதிரியைக் கேட்டு வாங்குவது நல்லது.

எனது வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போதெல்லாம் 45 மடங்கில் ஓடு நடுங்குவது தெரியும். தாங்கியின் அடித்தட்டு கனமாக இருந்தாலும் தூண் சற்று மெல்லியது. தடித்த இறப்பர் விரிப்பை அடியில் போட்ட பின் நடுக்கம் பெருமளவு குறைந்தது. மின்விசிறியை நிறுத்தியே வேலை செய்ய வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரு மணிநேரம் பொறுக்கியவை ஒரு சுழற்சியில் போய்விடும். அதனால் விடிகாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைதான் எனது வேலை நேரம். கொழும்பின் ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சணம் படர்வது பலரும் அறிந்த துன்பம். வேலை முடிந்ததும் தலைப்பகுதியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியில் வைக்கிறேன். மணிகள் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தி மீண்டும் இடுகிறேன். பத்து மாதத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

விற்பனைக்குப் பிந்திய சேவை நடுத்தரம். மூன்றாம் மாதம் வளைய விளக்கின் ஒரு பாதி அணைந்துவிட்டது. திருத்துநர் மூன்று கிழமைக்குப் பின்னரே வந்தார், வந்தவர் பணிவாகவும் திறமையாகவும் மாற்றித் தந்தார். கூறுவிலை இரண்டு கிழமைக்கு மேல் செல்லுபடியாவதில்லை, டொலர் மாறினால் அதுவும் மாறும் என்பதால் விலையை இங்கு எழுதுவதில் பயனில்லை. ஓடுகளை ஒட்டி வைக்கும் அறுபது கட்டங்கள் கொண்ட மட்டை வழுக்கிகளை அந்த நிறுவனத்தினர் அறிந்தே இருக்கவில்லை. கறுப்பு மட்டையில் நானே கோடிட்டுச் செய்துகொண்டேன். தூரிகையை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். மூன்று பூச்சிய அளவுள்ள நல்ல உரோமத் தூரிகை வேண்டும், செயற்கை இழைத் தூரிகைகள் ஒரு கிழமையில் நுனி பிரிந்துவிடுகின்றன.

இந்தக் கருவியால் ஆகாதவற்றையும் சொல்ல வேண்டும். சுண்ணப்பாறைகளை ஆக்கிய கொக்கோலித்துகள், அதாவது நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகள், ஒரு சில மைக்ரோமீற்றர் அளவானவை. அவற்றுக்கு முனைவாக்கிய ஒளியும் ஆயிரம் மடங்கு உருப்பெருக்கமும் வேண்டும். சிலிக்காவால் ஆன ஓடுள்ள நுண்ணுயிரிகளான றேடியோலாரியாக்களையும் தயற்றங்களையும் ஊடுசெல்லும் ஒளியில்தான் படிக்க முடியும். அவற்றை நாடுபவர்கள் அந்தத் தம்பி காட்டிய மற்றக் கருவியையே வாங்கட்டும். பொராமினிபெராவிலும் புதிய இனமொன்றை விவரித்து வெளியிடுவதற்கு இது மட்டும் போதாது. விலங்கியற் பெயரிடல் விதிகளின்படி பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி ஒன்றைக் குறித்து, அதை எங்கே பாதுகாப்பாக வைக்க எண்ணுகிறோம் என்று அறிவிக்க வேண்டும். சுவரின் நுண்துளைகளையும் முள்ளின் அடிப்பகுதியையும் காட்ட இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் இல்லாமல் இன்று எவரும் ஏற்கமாட்டார்கள். ஆயினும் அந்தப் படத்துக்கு எந்த ஓட்டை அனுப்புவது என்று ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து தெரிவு செய்வது இந்த மேசையில்தான் நடக்கிறது. பிரேடி தமது 115 படத்தகடுகள் கொண்ட, சலஞ்சர் கப்பலின் ஆழ்கடல் ஆய்வுப் பயண அறிக்கையை 1884 இல் வெளியிட்டபோது இலத்திரன் நுணுக்குக்காட்டி பிறந்திருக்கவில்லை. அந்தப் படங்களை இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

பட்டப்படிப்பு மாணவர்களுக்கும், கடற்கரை மணலையாவது பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கிறேன், வளைய விளக்கில்லாமல் விலை குறைத்துத் தருவார்களா என்று முதலில் கேட்டுப் பார்க்கும்படி சொல்லியே. கடைக்குப் போகும்போது சிறிது மணலைக் கறுப்புக் கடதாசியில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். கடையில் காட்டும் நாணயத்தையும் பூச்சியின் சிறகையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எனது கருவியின் ஒரு வருட உத்தரவாதம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அதற்குள் தூணை மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே இடத்தில் சேர்த்து எழுதுவேன்.